இரண்டு விரல் மடிப்பு

எண் சீட்டைப் பார்த்து அக்கா ஒரு கோட்டை எடுத்துக் கொடுத்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

பேர்லினில் ஒரு பழைய இசையரங்கின் வாசலில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். கச்சேரி கேட்க வருகிறவர்கள் கோட்டோடு உள்ளே போகக்கூடாது என்பது இங்கே வழக்கம். கழற்றித் தந்துவிட்டு, எண் எழுதிய சீட்டொன்றை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்த இடத்தை ஜெர்மன்காரர் கார்டரோப என்பார்கள். நீளமான மர மேசை, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கொளுக்கிகள், அவற்றுக்கு நடுவே ஓடித்திரிகிற இரண்டு இலங்கைத் தமிழர். கச்சேரி முடிந்ததும் முந்நூறு நானூறு பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்து இசை கேட்டவர்கள் கோட்டுக்காக ஒரு நிமிடம் பொறுக்க மாட்டார்கள். நான் சீட்டும் கையுமாக எண்ணைத் தேடி அலைவேன். அக்கா சீட்டை வாங்கிப் பார்க்காமலே தட்டில் போடுவார். ஆளின் முகத்தை ஒருதரம் பார்ப்பார். உள்ளே போய்ச் சரியான கோட்டோடு வருவார்.

“மாறிப்போனால் என்னக்கா செய்வீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏன் மாறுது? வரேக்கை அந்த ஆள் கோட்டைக் கழட்டின விதம் எனக்கு ஞாபகம் இருக்குமெல்லோ” என்றார்.

பெருமைக்குச் சொல்லவில்லை. யாரும் செய்யக்கூடிய வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது நாற்பது இருக்கும். ஆள் குள்ளம். கறுப்புக் கம்பளிச் சட்டையின் கழுத்தோரம் எப்போதும் ஒரு ஊசி, கறுப்பு நூல் கோத்தபடி குத்தியிருக்கும். உள்ளே கச்சேரி நடக்கிற நேரத்தில் நான் கதிரையில் சாய்ந்து கண்ணயர்வேன். அக்கா கோட்டுகளுக்கு நடுவே உலாத்துவார். கனத்த குளிர்கோட்டுகளின் கழுத்துக்குள்ளே தொங்கவிடுவதற்கென்று ஒரு சின்ன நாடா இருக்கும். கோட்டின் பாரத்தை அதுதான் முதலில் தாங்க மாட்டாமல் அறும். அறுந்த நாடா எதைக் கண்டாலும் அங்கேயே நின்று தைத்துவிடுவார். யாருக்கும் சொல்ல மாட்டார். வீட்டுக்குப் போய்க் கோட்டை மாட்டும்போதுதான் அந்த ஜெர்மன்காரருக்கு அது தெரியவரும். தெரியாமலும் போகும்.

“ஆரின்ரையோ கோட்டுக்கு நீங்கள் ஏன் தைக்கிறியள்?”

“இஞ்ச தந்திட்டுப் போன நேரம் மட்டும் அது எங்கட பொறுப்புத்தானே, தம்பி.”

கோட்டைத் தந்துவிட்டுப் போன ஆள் கட்டாயம் திரும்பி வரும் என்பார். அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு அது. நான் அதற்குச் சிரிப்பேன். பேர்லின் குளிரில் கோட்டில்லாமல் எவன் வீட்டுக்குப் போவான்? வராமல் எங்கே போகிறது?

ஆனால் ஒரு ஞாயிறு மதியக் கச்சேரியில் ஒரு ஆள் வரவில்லை. கிழவர் ஒருவர். இடைவேளையில் மயங்கி விழுந்து, பக்கவாசலால் அம்புலன்சில் கொண்டுபோய்விட்டார்கள். எல்லோரும் போன பிறகு ஒரு கொளுக்கியில் நரைத்த நிறத்தில் நீளக் கோட்டு ஒன்று தனியாகத் தொங்கியது. மிச்சப் பொருட்களை அலுவலகத்தில் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அக்கா கொடுக்கவில்லை. நான்கு கிழமை அதைத் தன் பொறுப்பில் வைத்துப் பிரஷ் போட்டுப் பார்த்துக்கொண்டார். ஐந்தாவது கிழமை ஒரு பெண் வந்து, அப்பாவின் கோட்டு இங்கே இருக்கிறதா என்று கேட்டாள். அவள் கறுப்பு உடுப்பையும் முகத்தையும் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கியிருக்கும். கோட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அவள் போன பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“ஆள் வரேல்லையேக்கா” என்றேன்.

“மகள் வந்தவதானே. ஆள் வந்த மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

அக்காவின் பிடிவாதம் இந்த வகை. சத்தம் போடாது, அசையவும் அசையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, ஒருக்கா நிமிர்ந்து நில்லும்” என்று சொல்லியிருந்தார். நின்றேன். கிட்ட வந்து முன்னால் நின்றார். என் நெஞ்சளவுக்குத் தன் நெற்றி வருகிறதைப் பார்த்துக்கொண்டு, “ஓம், சரி” என்றார். என்ன சரி என்று சொல்லவில்லை. புது வேலையில் உயரம் பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். மேல் கொளுக்கிக்கு எட்டவேண்டுமே.

காரணம் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அக்காவுக்குக் கலியாணமாகி ஒரு வருடமும் சில நாட்களும்தான் புருஷனோடு இருக்கக் கிடைத்தது. மன்னார்ப் பக்கம். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனார்கள். இங்கே இருந்த அக்காவின் தமையன், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கு ஒரு ஆளுக்குத்தான் காசு கட்ட முடியும் என்றாராம். புருஷனின் தாய் படுத்த படுக்கை. “நீர் முதல் போம், அம்மாவை விட்டிட்டு என்னால இப்ப வர ஏலாது” என்று அவர்தான் அக்காவை அனுப்பிவைத்தார். அக்கா வந்து, அகதி வழக்கு முடிந்து, விசா கையில் கிடைத்து, நான் அவரைச் சந்திக்கிறபோது ஐந்து வருடமாகிவிட்டது. புருஷன் வந்தால் போடுவதற்கு ஒரு கோட்டு வாங்கவேண்டும் என்பதுதான் அப்போது அவருக்கு இருந்த ஒரே எண்ணம். கட்டில் இல்லை, தொலைக்காட்சி இல்லை. கோட்டு வேண்டும்.

“குளிருக்கை வந்து இறங்கினால் அந்த மனுசன் என்ன செய்யும்?” என்றார்.

“வரட்டுமேக்கா. வந்தாப்போல வாங்கலாம்தானே.”

“வந்தாப்போல வாங்கினால் அது வாங்கினது. நான் வைச்சிருந்ததெண்டு ஆகாது.”

அதனால் ஒரு ஞாயிறு காலை என்னைப் பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே படைக்கோட்டு விற்கிற ஒருத்தன் இருந்தான். சிவந்த மூக்கு, வாய் ஓயாத பேச்சு. சுவர் விழுந்த பிறகு கலைந்துபோன ஒரு படையின் கோட்டுகளும், ஊரைவிட்டுப் போன இன்னொரு படையின் கோட்டுகளும் இந்த நகரத்துச் சந்தைகளில் வந்து குவிந்தன. அவற்றோடு எங்கெங்கோ இருந்து வந்த பழசுகளும் கலந்து கிடந்தன. எந்தக் கோட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டால், கேட்கிற ஆளின் முகத்தைப் பார்த்து ஒரு நாட்டைச் சொல்வான். ஆனால் கோட்டின் சங்கதிகள் அவனுக்குத் தெரிந்திருந்தன. அதில் பொய் சொல்லவில்லை என்று பிறகு அறிந்துகொண்டேன்.

முதுகில் இருக்கிற அரைப்பட்டியைக் கழற்றிக் காட்டினான். அதற்குள்ளே மடித்து வைத்திருந்த துணி விரிந்து, கோட்டு ஒரு பெரிய போர்வையாகிவிட்டது. சிப்பாய் பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொண்டு படுப்பானாம். முன்னால் இரண்டு வரிசைப் பொத்தான். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறதோ அதற்கேற்ப மாற்றிப் பூட்டலாம். கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டால் காது மூடும். சில கோட்டுகளுக்கு அடிவிளிம்பை மடித்துத் தைப்பதே கிடையாது. கம்பளி அவ்வளவு இறுக்கம், நூல் பிரியாது. முதலாவது பெரிய யுத்தத்தில் பதுங்குகுழிச் சேறு அந்த விளிம்பில் அப்பி, கோட்டு ஆளைவிடப் பாரமாகிப் போக, சிப்பாய்கள் கத்தியால் அரைவாசியை அறுத்து எறிந்துவிட்டு நடந்தார்களாம். அதற்குப் பிறகுதான் மெல்லிய மழைக்கோட்டுகள் வந்தன என்றான். அவன் ஜெர்மனில் சொல்லச் சொல்ல அக்கா வேதப்பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் என் வேலை தொடங்கியது. அக்கா ஒவ்வொரு கோட்டாக எடுத்து எனக்குப் போட்டுப் பார்த்தார். போட்டு, பொத்தான்களைப் பூட்டி, என் முன்னால் நின்று தலையைக் கொஞ்சம் குனிவார். நெற்றி ஒரு இடத்தில் வந்து நிற்கும். “இல்லை” என்பார். கழற்று. அடுத்தது. விற்கிறவன் முதலில் சிரித்தான். மூன்றாவது கோட்டில் சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஏழாவது கோட்டு கருஞ்சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அக்காவின் நெற்றி மேலிருந்து இரண்டாவது பொத்தானில் வந்து முட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

“இதுதான். அவற்ற நெஞ்சில எனக்கு இந்தத் தெறியடியிலதான் முட்டும்” என்றார். பொத்தானை அக்கா தெறி என்றுதான் சொல்வார்.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சந்தை நடுவில், இன்னொரு ஆளின் நெஞ்சாக நிற்பது சாதாரண விசயமா? ஆனால் அக்காவுக்கு அதில் கூச்சமே இருக்கவில்லை. அந்த நேரம் அவருக்கு முன்னால் நின்றது நானில்லை, அதுதான் காரணம்.

கோட்டை வாங்கி வந்த பிறகும் என்னை விடவில்லை. போடாத கம்பளி விறைத்துப்போகும், பூச்சி அரிக்கும், ஆளின் சூடு படவேண்டும் என்று அந்தச் சிவந்த மூக்கன் சொல்லிவைத்துவிட்டான். ஆகவே கார்த்திகை பிறந்தால் நான் அதைப் போட்டுக்கொண்டு திரியவேண்டும், மாசி கடைசியில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாகியது. ஆமிக்குப் பயந்து ஓடிவந்து ஜெர்மனியில் அகதியானவன் நான். எனக்கு ஆமிக்கோட்டு. எங்கள் வயதுப் பெடியன்கள் எல்லாம் இறகு வைத்துத் தைத்த பஞ்சு போன்ற ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நான் ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்தபடி நடந்தேன். மழையில் நனைந்தால் அது தாயாடு. இடது பக்கப் பையில் ஒரு நீளக் கீறல் இருந்தது. அந்தக் காலத்து அதிகாரிமார் இடுப்பு வாளின் பிடியை வெளியே எடுத்துவிட வைத்ததாம். என் ரயில் டிக்கெட் இரண்டு தரம் அந்த வாள் கீறல் வழியாகக் கீழே விழுந்து, பரிசோதகரிடம் பேச்சு வாங்கினேன். கோடையில் பூச்சி வராமலிருக்க அக்கா பைக்குள் கராம்பு போட்டு வைப்பார். ஜெர்மனியில் கராம்பு வாசம் நத்தார்ப் பலகாரத்து வாசம், கிறிஸ்மஸ் வாசம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற கிழவிகள் என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரிப்பார்கள்.

நொய்கெல்ன் பகுதி முருகன் கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் செருப்பு வைக்க இடமிருந்தது, இந்தக் கோட்டை வைக்க இடமில்லை. “என்ன, ஜெர்மன் ஆமியில சேர்ந்திட்டீரோ?” என்று நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கேட்கவில்லை, நம்பிவிட்டார். அந்தக் கதை யாழ்ப்பாணம் வரைக்கும் போனது.

அந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லவேண்டும். கோட்டோடு ஒரு படம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு அனுப்பினேன். மகன் குளிருக்கு நல்ல உடுப்புப் போடுகிறான் என்று அவ சந்தோசப்படட்டும் என்றுதான். அது சமாதானம் வருவதற்கு முந்திய காலம். வீடு வீடாக ஆமியின் சோதனை நடக்கும். சீருடையில் ஒரு மகனின் படம் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று இங்கே சூடான அறையில் இருந்த எனக்குத் தோன்றவில்லை. அம்மா எழுதிய கடிதம் மூன்று வரிதான். “கழுத்துக்குக் கீழை வெட்டி அடுப்பிலை போட்டிட்டன். தலையை மட்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன். இனி உப்பிடி ஒண்டும் அனுப்பாதை.”

இதை வேலையிடத்தில் சொன்னபோது அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான். சிரித்து முடித்துவிட்டு, “அந்தப் படத்தில இன்னொரு கொப்பி இருக்கோ?” என்று கேட்டார்.

அடுத்த கிழமை கொடுத்தேன். எனக்கு முன்னாலேயே கத்திரிக்கோலை எடுத்து என் தலையை வெட்டினார். சுத்தமாக, கழுத்துப்பட்டியின் ஓரத்தோடு. வெட்டிய தலையை என் கையில் தந்துவிட்டு, கோட்டை மட்டும் ஒரு கடித உறைக்குள் வைத்தார். வன்னிக்கு அனுப்பப் போகிறாராம். அதற்குள் சமாதானம் வந்து வன்னிப் பாதையும் திறந்திருந்தது.

“ஆமிக்கோட்டுப் படம் அக்கா. சோதனையில பிடிச்சால்?”

“தலையில்லாத ஆளை என்னெண்டு பிடிக்கிறது?” என்றார்.

என் அம்மாவிடம் தலை இருந்தது. முன்பின் கண்டிராத ஒரு மனிதரிடம் என் உடம்பு போய்ச் சேர்ந்தது. சிரிக்கிற விசயம்தான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிறபோது அந்தச் சின்னத் தலையை எறிய மனமில்லாமல் பையில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கென்று கோட்டு வாங்கி வைத்து யாரும் காத்திருக்கவில்லை என்ற நினைப்பு அன்று முழுக்க இருந்தது.

பதில் வர மூன்று மாதமாகியது. அக்கா உறையை வேலைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அதே படம். என் தலை இருந்த இடத்தில் வேறு தலை ஒட்டியிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வெட்டி, சோற்றுப்பசையால் ஒட்டியிருக்கிறார். அகன்ற தோளுக்கு அந்தத் தலை மிகச் சின்னதாக இருந்தது. மெலிந்த முகம், பெரிய காது, படம் எடுக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்ட வாய். படத்தின் பின்னால் பேனையால் எழுதியிருந்தார்: “தோள் காணும். கைதான் மிச்சம். எனக்குக் கை கட்டையெண்டு மறந்துபோனீரோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது.

“மறந்துதான் போனன், தம்பி” என்றார். “முகம் மறக்கேல்லை. குரல் மறக்கேல்லை. எவ்வளவு உயரமெண்டு இருட்டுக்குள்ளையும் காட்டுவன். கையை எப்பிடி மறந்தனான்?”

“அது ஒரு பெரிய விசயமே, அக்கா? ஆரும் மறப்பினம்.”

“இண்டைக்குக் கை. நாளைக்கு என்ன?”

அன்று முழுக்க அவர் சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கோட்டுக் கொடுத்தார். ஒருநாளும் கண்டதில்லை என்று தொடக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது யோசித்தால் அந்த ஒரு நாள் கண்டிருக்கிறேன்.

பிறகு தொலைபேசியில் பேசி, கையை நூலில் அளந்து அனுப்பச் சொன்னார். ஊரில் தையற்காரனுக்கு அளவு அனுப்புகிற வழிதான். அடுத்த கடிதத்துக்குள் வெள்ளை நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. ஒரு நுனியைத் தோளில் வைக்கவேண்டும், மற்ற நுனியில் முடிச்சு. அக்கா என்னைக் கோட்டுப் போட்டு நிற்கவைத்து நூலை என் கைவழியே இழுத்துப் பிடித்தார். முடிச்சு என் மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. அந்த இடத்தில் கோட்டுக்கையை உள்ளுக்கு மடித்து, கறுப்பு நூலால் சுற்றித் தைத்தார். வெள்ளை நூலைச் சுருட்டிக் கோட்டின் உள்பையில் வைத்துத் தெறியைப் பூட்டினார்.

அன்றிலிருந்து என் மணிக்கட்டு இரண்டும் வெளியே. கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குப் பேர்லின் குளிர் நேரே வந்து பிடிக்கும். எத்தனை தரம் முறைப்பாடு செய்திருப்பேன். “உங்கட மனுசன் வருமட்டும் என்ர கை விறைச்சுச் சாகப்போகுது” என்பேன். “கெதியில வந்திடுவார், பொறும்” என்பார். ஒவ்வொரு கார்த்திகையும் முதல் ஞாயிறு அவர் வீட்டுக்குப் போவேன். ஒற்றை அறை, மூன்றாவது மாடி. கோட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் பூட்டுவார். இரண்டாவது பொத்தானில் நெற்றி ஒரு கணம் முட்டும். “ஓம், சரி” என்பார். அதற்குப் பிறகு தேத்தண்ணி.

வழக்கு ஒரு பக்கம் ஓடியது. புருஷனை இங்கே எடுப்பதற்கு அக்கா ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டார். வருமானம் காணாது என்று திருப்பினார்கள். காலையில் அலுவலகம் கூட்டுகிற வேலை இன்னொன்று எடுத்தார். வீடு சின்னம் என்றார்கள். அதையும் எப்படியோ சரிக்கட்டினார். அதற்குள் அங்கே தாய் இறந்துபோனா. இனி வரத் தடையில்லை என்று புருஷன் எழுதினார். கொழும்பில் தூதரகத்துக்கு வரச்சொல்லி நாள் குறித்த டெர்மினும் கிடைத்தது. டெர்மினுக்கு மூன்று கிழமை முன்பு யுத்தம் திரும்பத் தொடங்கி, வன்னிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அக்கா அந்த டெர்மின் கடிதத்தைக் கோட்டின் உள்பையில், நூலோடு சேர்த்து வைத்தார். “பாதை ஒருக்காத் திறந்ததுதானே, பிறகும் திறக்கும்” என்றார். கடிதங்கள் குறைந்தன. தொலைபேசி நின்றது. செஞ்சிலுவைக்காரர் மூலம் ஒரு துண்டுக் கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வராது. அக்கா முகாம்களில் இருந்து வெளிவந்த பட்டியல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார். தேவாலயச் சுவாமிமாருக்கு எழுதினார். மன்னாரில் ஒரு ஆள், அந்த வருட மாசி மாதம் புருஷனைக் கண்டதாகச் சொன்னான். அதற்குப் பிறகு கண்டவர்கள் எவருமில்லை. அக்கா அழுததை நான் காணவில்லை. இலையுதிர் காலத்தில் அரங்கம் திறந்தபோது வந்து, வழக்கம்போல முகத்தைப் பார்த்துக் கோட்டுக் கொடுத்தார். கோட்டைத் தந்துவிட்டுப் போன ஆள் திரும்பி வரும் என்ற பேச்சு மட்டும் அவர் வாயில் வரவில்லை. அது இல்லாமல் அந்த இடமே எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு வந்தது. அவர் கூப்பிடவில்லை. நானாகவே போனேன்.

கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கோட்டைக் கொண்டுவந்தார். போட்டேன். உடனே ஏதோ பிழை என்று தெரிந்தது. கை குளிரவில்லை. குனிந்து பார்த்தேன். கோட்டுக்கை மணிக்கட்டு மூடி இறங்கியிருந்தது. அக்கா தையலைப் பிரித்துவிட்டிருந்தார். இத்தனை குளிர்காலமாக வெயிலும் மழையும் படாமல் உள்ளே மடிந்து கிடந்த அந்த இரண்டு விரல் துணி, மற்றக் கோட்டைவிடக் கறுப்பாக, புதுசாக, என் கையைச் சுற்றி ஒரு பட்டிபோல இருந்தது.

“உமக்குக் குளிருமெல்லோ, தம்பி” என்றார். “இனி நீரே வைச்சுப் போடும்.”

பொத்தான்களைப் பூட்டினார். இந்த முறை மேலிருந்து கீழாக. நெற்றி எங்கேயும் முட்டவில்லை. “ஓம், சரி” சொல்லவுமில்லை. தேத்தண்ணி வைக்கவுமில்லை. போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு மாடி இறங்கினேன். கோட்டு நல்ல சூடாக இருந்தது. இத்தனை வருடம் முணுமுணுத்துக் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் எனக்கு ஒரு படிகூட மேற்கொண்டு இறங்க முடியவில்லை. கோட்டுக்கையை உள்ளே மடித்துப் பார்த்தேன். தையல் இல்லாமல் அது நிற்கவில்லை, திரும்பத் திரும்ப விழுந்தது. திரும்பி ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“அக்கா, ஊசி கொண்டுவாங்கோ” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார்.

“குளிரட்டும். எனக்குப் பழகிப்போச்சு” என்றேன்.

நான் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பூட்டிய ஒரு கதவைத் திரும்பத் திறந்துவிட்டேனோ என்னவோ. அவர் கழுத்தோரத்து ஊசியை எடுத்தார். நூல் இருந்தது. எந்த இடத்தில் மடிப்பதென்று என் கையை இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவெண்டு பிடிபடேல்லை” என்றார், மெல்ல.

“அளவு இருக்குதுதானே” என்றேன்.

அவர் கோட்டின் உள்பைத் தெறியைக் கழற்றி, அந்த வெள்ளை நூலை எடுத்தார். என் தோளில் ஒரு நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைவழியே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். முடிச்சு விழுந்த இடத்தில் மடித்தார்.